அப்பாவின் ஜிபிஎஸ்ஸும் என் ஸ்மார்ட் வகுப்பும்

ஸ்மார்ட் வகுப்பு வந்த கதையை எல்லோரும் சொல்கிறார்கள், நான் அது படுத்த கதையிலிருந்து ஆரம்பிக்கிறேன். பாம்பன் பக்கம் ஒரு நடுநிலைப் பள்ளியில் வேலை, ஜன்னலைத் திறந்தால் கடல். உப்புக்காற்றில் ஜன்னல் கம்பியே நாலு வருஷம் தாங்காது, புரொஜெக்டர் எம்மாத்திரம்? தலையணை உறை போட்டு மூடி வைத்தும், ஒரு மழைக்காலம் முடிந்து ஒயரைச் சொருகப் போனால் சொருகுகிற இடமெல்லாம் பச்சை பூத்துக் கிடந்தது.

புதுசு எதையும் வேண்டாம் என்று சொன்னவளில்லை. செயல்வழிக் கற்றல் வந்த 2007-ல் அட்டையும் கையுமாகத் தரையில் உட்கார்ந்தேன், 2018-ல் ஆறாம் வகுப்புப் புத்தகத்தில் கியூஆர் கோடு வந்ததும் முதலில் ஸ்கேன் பண்ணிப் பார்த்ததும் நான்தான். கொரோனா சமயம் வீட்டில் ஃபோன் இருக்கிறதா என்று கணக்கெடுத்தபோது ஒரு பிள்ளை சொன்னாள், "இருக்கு டீச்சர், ஆனா அது அப்பாவோட கடலுக்குப் போயிருக்கு." பாலிதீன் பையில் சுற்றி ரப்பர் பேண்ட் போட்ட அந்த ஃபோன் கரைக்கு வந்த பிறகுதான் நான் அனுப்பின வீட்டுப்பாடம் திறக்கும். படிவத்தில் "ஆம்" என்று டிக் போட்டேன், வேறு கட்டம் இல்லை.

அப்புறம் ஒரு நாள் ஆறாம் வகுப்பில் அட்சக்கோடு, தீர்க்கக்கோடு. வீடியோவில் பூமி அழகாகச் சுற்றியது, வாயைப் பிளந்து பார்த்தார்கள், முடிந்ததும் கேட்டால் ஒருவருக்கும் ஒன்றும் ஏறவில்லை. (ராமேசுவரம் தீவில் இருந்துகொண்டு கலாமை இழுக்காமல் பாடம் எடுப்பது கஷ்டம். அன்றைக்கு அவரையும் இழுத்துப் பார்த்தேன், நடக்கவில்லை.) சரி, நாம் நிற்கிற இடத்தையே காட்டுவோம் என்று என் ஃபோனை நீட்டினேன். அட்சக்கோடு 9.28 என்று இருந்தது.

வாரத்தில் பாதி நாள் வராத ஒரு பையன் எழுந்தான். "தப்பாக் காட்டுது டீச்சர். எங்க அப்பா ஜிபிஎஸ்ல இந்த இடம் ஒம்போது பதினேழு."

எனக்குப் பதில் தெரியவில்லை. சமாளிக்கிறதுக்காக, பதினேழு அப்படியே ஏறி எதுவரை போகும் என்று கேட்டு வைத்தேன். "அம்பத்தொம்பது. அதுக்கு மேல பத்து டிகிரி ஆயிரும்."

அப்போதுதான் உறைத்தது. அவன் அப்பாவின் வல்லத்தில், அதாவது மீன்பிடி படகில், ஜிபிஎஸ் காட்டுவது டிகிரியும் நிமிடமும், என் ஃபோன் காட்டுவது தசமம். 0.28-ஐ 60-ஆல் பெருக்கச் சொன்னேன். 16.8. தசமப் பெருக்கல் என்றால் முகத்தைத் திருப்புகிற வகுப்பு அன்றைக்கு மணி அடித்தும் எழுந்திருக்கவில்லை. வடக்கே ஒரு நிமிடம் போனால் ஒரு கடல் மைல், அதாவது 1.852 கிலோமீட்டர் என்றதும் அவன், "அதான் எங்க அப்பா நிமிசத்தை எண்ணியே தூரம் சொல்லுவாக" என்றான். வீடியோவை இப்போதும் போடுகிறேன், ஆனால் இந்தப் பாடத்தில் வருகிற ஏதாவது உங்கள் வீட்டில் யாரிடமாவது இருக்கிறதா என்று கேட்டுவிட்டுத்தான்.

மறுநாள் அப்பாவின் நோட்டையே தூக்கிக்கொண்டு வந்துவிட்டான். மீன் வாடை, ஒவ்வொரு பார் (மீன் கூடுகிற கடலடிப் பாறைத் திட்டு) பெயருக்கும் நேரே எண்கள். கிராஃப் தாளில் பதினொரு புள்ளி வைத்துச் சுவரில் ஒட்டினோம்.

மூன்றாம் நாள் அவன் அப்பா வாசலில் நின்றார். "கோவிச்சுக்கிறாதீக டீச்சர். பாயிண்ட் வெளிய போச்சுன்னா நாளைக்கு அங்க நாலு வல்லம் நிக்கும்." சுவரில் இருந்ததைக் கிழித்து, நோட்டோடு சேர்த்துக் கொடுத்தேன். மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போனார்.

அவர் தலை மறைந்ததும் இரண்டாவது பெஞ்சில் ஒருத்தி தன் கணக்கு நோட்டை மெதுவாக மூடினாள். அவள் அப்பாவுக்கும் வல்லம் உண்டு.