நீல ஒளி ஓடும் கல், மெஷினில் போட்டதும் உடைந்துவிட்டது. என்ன கல் இது?

கரட்டுக்காடு:
வணக்கமுங்க. காங்கேயம் பக்கம் எங்கள் தோட்டத்துக் கிணற்றை ஆழப்படுத்தியபோது வெளியே கொட்டிய மண்மேட்டில் இரண்டு வருசமாகக் கல் பொறுக்குகிறேன். பெரும்பாலும் வெங்கச்சாங்கல் (குவார்ட்ஸ்), காக்காப்பொன் (மைக்கா). நடுவில் பால் நிறத்தில் ஒன்பது கல் கிடைத்தது, வெயிலில் ஒரு பக்கமாகச் சாய்த்தால் மட்டும் மேலே நீலமாக ஒரு ஒளி ஓடும். கல்லை உருட்டி வழவழப்பாக்கும் ஒரு சின்ன டம்ப்ளர் மெஷின் வாங்கி, வெங்கச்சாங்கல்லோடு இதையும் சேர்த்து 80 நம்பர் தேய்ப்புப் பொடி போட்டு ஏழு நாள் ஓட்டினேன். வெங்கச்சாங்கல் அழகாக உருண்டிருக்கிறது, நீலக் கல்லெல்லாம் தகடு தகடாகத் தெறித்துக் கிடக்கிறது, இரண்டுதான் மிச்சம். மனசே சரியில்லைங்க. இது என்ன கல், மிச்சத்தை எப்படிப் பாலிஷ் செய்வது? அப்புறம் மங்கலான சிவப்பில் ஆறு பட்டையாக, கையில் எடுத்தால் கனமாக ஒரு கல்லும் இருக்கிறது.

நொய்யல்கரை:
உங்கள் ஊரில் இது புதுசு இல்லைங்க, சொல்வதைப் பார்த்தால் சந்திரகாந்தக் கல், கடையில் மூன்ஸ்டோன் என்பார்கள். ஃபெல்ட்ஸ்பார் என்ற கனிம வகை, மோஸ் அளவில் (கனிமங்களின் கடினத்துக்கு 1 முதல் 10 வரை) கடினம் 6, வெங்கச்சாங்கல் 7. ஆனால் உடைந்தது கடினம் குறைந்ததால் மட்டும் இல்லை. ஃபெல்ட்ஸ்பாருக்கு இரண்டு திசையில் பிளவு உண்டு, அடி விழுந்தால் அந்தத் தளத்தில் படிக்கட்டு மாதிரி விட்டுப்போகும். தெறித்த துண்டைப் பாருங்கள், முகம் தட்டையாகப் பளபளத்தால் அதுதான். வெங்கச்சாங்கல் அப்படி உடையாது, பாட்டில் கண்ணாடி மாதிரி வளைவாக உடையும். என்ன கல் என்று தெரியாமல் எதையும் மெஷினில் போடாதீர்கள். முதலில் ஒரு துண்டை உடைத்துப் பார்த்துவிடுவது என் வழக்கம்.

பட்டைக்காரர்:
மிச்சம் இரண்டையும் கையாலேயே செய்யுங்க தம்பி. மெஷின் எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி உருட்டிவிடும், இந்தக் கல்லுக்கு ஒளி எந்தப் பக்கம் ஓடுகிறதோ அந்தப் பக்கம்தான் மேலே வர வேண்டும். கல்லை நனைத்து ஒரே விளக்குக்குக் கீழே திருப்பித் திருப்பிப் பார்த்து, ஒளி நடுவில் நிற்கும் இடத்தில் மார்க்கரால் புள்ளி வையுங்கள். அந்தப் புள்ளியே உச்சி, அதைச் சுற்றிக் கவிழ்த்த கிண்ணம் மாதிரி வளைவு எடுங்கள். ஒரு குச்சி நுனியில் அரக்கு உருக்கிக் கல்லை ஒட்டிக்கொண்டால் விரலுக்குப் பிடிமானம் கிடைக்கும், ஆனால் கல்லை மெதுவாகத்தான் சூடாக்கணும், சட்டென்று காய்ந்தால் விரிசல் விடும். வாட்டர்ப்ரூஃப் உப்புத்தாளில் 220, 400, 600, 1000, 2000 என்று போங்கள். ஒவ்வொரு தாளுக்கும் நடுவில் கல், கை, தட்டு எல்லாம் கழுவ வேண்டும், முந்தைய தாளின் ஒரே ஒரு மணல் ஒட்டியிருந்தாலும் கோடு விழுந்து திரும்ப முதலில் இருந்து ஆரம்பிக்க வேண்டியதுதான். கடைசியில் பழைய ஜீன்ஸ் துணியில் சீரியம் ஆக்ஸைடு என்ற பாலிஷ் பொடியைக் குழைத்துத் தேயுங்கள். எப்போதும் தண்ணீரோடுதான் தேய்க்கணும். கல் தூசி நுரையீரலில் போய்த் தங்கிவிடும், அது திரும்ப வராது, இதில் விளையாடவே கூடாதுங்க. மெஷின் சேற்றைச் சாக்கடையில் ஊற்றாதீர்கள், சிமெண்ட் மாதிரி இறுகிக் குழாயை அடைத்துவிடும்.

நொய்யல்கரை:
அந்த ஆறு பட்டைக் கல்லை விட்டுவிட்டோமே. குருந்தமாக (மாணிக்கக் கல் சேர்ந்த கனிம வகை) இருக்கலாம், உங்களுக்குப் பக்கத்துச் சிவன்மலைப் பாறையிலேயே உண்டு. வெங்கச்சாங்கல்லும் ஆறு பட்டைதான், அதனால் எடையை வைத்துப் பாருங்கள். கிராம் தராசில் காய்ந்த கல்லின் எடையை எடுத்துக்கொண்டு, பிறகு தண்ணீர் டம்ளரைத் தராசில் வைத்து ஜீரோ செய்து, கல்லை நூலில் கட்டி அடியைத் தொடாமல் முக்குங்கள். முதல் எடையை இப்போது காட்டும் எண்ணால் வகுத்தால் 2.65 பக்கம் வந்தால் வெங்கச்சாங்கல், 4 பக்கம் வந்தால் குருந்தம். அது வெங்கச்சாங்கல்லையே கீறும்.

கரட்டுக்காடு:
ரொம்ப நன்றிங்க. காய்ந்த எடை 31 கிராம், தண்ணீரில் 7.8 காட்டியது, வகுத்தால் 3.97. வெங்கச்சாங்கல்லில் இழுத்தேன், கோடு விழுந்தது, கழுவியும் போகவில்லை. நீலக் கல் ஒன்றுக்குப் புள்ளி வைத்து 220 தாளில் ஆரம்பித்துவிட்டேன், இன்னொன்றை அப்படியே வைத்திருக்கிறேன்.