சாயங்காலம் 5 மணிக்குத் தினமும் புயல்: நாலரை வயதுப் பெண்ணை எப்படிச் சமாளிப்பது?

மல்லிகை_பீனிக்ஸ்:
வணக்கம். தென்னாப்பிரிக்காவில், டர்பன் பக்கத்து பீனிக்ஸில் இருக்கிறோம். நாலரை வயதுப் பெண், ஒன்றரை வயதுத் தம்பி. பெரியவள் காலை 5.30-க்கு எழுந்து லிஃப்டில் (பிள்ளைகளைச் சேர்த்து ஏற்றிப்போகும் வண்டி) பள்ளிக்கூடம் போகிறாள், ஆஃப்டர்கேர் (பள்ளி விட்டபின் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் இடம்) முடிந்து 5 மணிக்கு வீடு. பள்ளிக்கூடத்தில் தங்கமான பிள்ளை என்கிறார்கள். வீட்டு வாசலை மிதித்ததும் ஆரம்பம். டேப்லெட்டை வாங்கினால் தரையில் விழுந்து கத்தல், தம்பிக்கு அடி. "ஒரு அடி போட்டால் அடங்கும்" என்கிறார் மாமியார். அடிக்க மனமில்லை. அதற்குப் பதிலாக அந்த நிமிடத்தில் என்ன செய்வது, என்ன சொல்வது? சொற்களோடு சொல்லுங்கள்.

கிரேடு_ஆர்_டீச்சர் (வெரூலம்):
பள்ளிக்கூடத்தில் நல்ல பிள்ளையாக இருப்பதால்தான் வீட்டில் வெடிக்கிறாள். வரிசையில் நின்று, பொம்மையை விட்டுக்கொடுத்து, அழுகையை விழுங்கி, 10 மணி நேரம் தன்னைப் பிடித்து வைத்திருக்கிறாள். பயமில்லாத இடம் வந்ததும் பிடி நழுவுகிறது. இதைக் கெட்ட குணம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள்.

புயலுக்கு முன்னால் செய்வதில்தான் பாதி வேலை இருக்கிறது. ஆஃப்டர்கேரில் கடைசியாக எப்போது சாப்பிட்டாள் என்று கேளுங்கள். 2 மணியோடு நின்றிருந்தால் 5 மணிக்கு வெறும் வயிறு. பார்த்த 10 நிமிடத்துக்குள் ஒரு வாழைப்பழமோ, பீநட்பட்டர் தடவிய அரை ரொட்டியோ, கொஞ்சம் அமாசியோ (தயிர் மாதிரிப் புளித்த பால்), கூடவே தண்ணீரும் கொடுங்கள். ஜனவரி, பிப்ரவரி கோடைப் புழுக்கத்தில் தண்ணீர் இன்னும் முக்கியம். அப்போது "இன்னைக்கு என்ன படிச்ச, யார் கூட விளையாடின" என்ற கேள்வியே வேண்டாம். வீட்டுக்குள் வந்ததும் 10 நிமிடம் மடி. தம்பியை அந்த 10 நிமிடம் மாமியார் வைத்துக்கொள்ளட்டும்.

தூக்கத்தையும் கணக்குப் பாருங்கள். 3 முதல் 5 வயதுக்கு நாளொன்றுக்கு 10 முதல் 13 மணி நேரம் தேவை, பகல் தூக்கமும் சேர்த்து. 5.30-க்கு எழும் பிள்ளை, பகலில் தூங்காவிட்டால், 7.30-க்குத் தூங்கியிருக்க வேண்டும். 9 மணிக்குப் படுத்தால் மறுநாள் நீங்கள் எவ்வளவு பொறுமையாக இருந்தாலும் போதாது.

டேப்லெட்: "அஞ்சு நிமிஷம்" என்றால் இந்த வயதுக்கு அர்த்தமில்லை. "இந்தக் கதை முடிஞ்சதும்" என்று சொல்லுங்கள். கடைசி 2 நிமிடம் பக்கத்தில் உட்கார்ந்து "அந்தக் குரங்கு எங்கே போகுது?" என்று ஒன்று கேளுங்கள். அணைக்கும் பொத்தானை அவளே அழுத்தட்டும். உடனே கைக்கு வேலை: பட்டாணி உரிப்பது, ரொட்டிமாவில் ஓர் உருண்டை. அப்படியும் அழுதால் திருப்பிக் கொடுக்காதீர்கள். பத்தாவது நிமிடத்தில் கொடுத்தால், பத்து நிமிடம் அழவேண்டும் என்பதுதான் பாடம். ஒரு நாள் கொடுத்து ஒரு நாள் மறுப்பது அதைவிட மோசம். நாளைக்குக் கிடைக்கலாம் என்ற நம்பிக்கையே அழுகையை நீட்டும். நிறுத்திய முதல் சில நாட்கள் கத்தல் கூடத்தான் செய்யும். முறை பொய்த்துவிட்டது என்று பலர் அங்கேதான் கைவிடுகிறார்கள்.

இனி அந்த நிமிடம். முதலில் தம்பியை நகர்த்துங்கள், கடினமான சாமான்களையும். பிறகு கையெட்டும் தூரத்தில், அவள் கண்மட்டத்துக்குக் கீழே, பக்கவாட்டாகத் தரையில் உட்காருங்கள். நேருக்கு நேர் முறைத்தால் சண்டையாகிவிடும். 4 எண்ணி மூச்சை இழுத்து 6 எண்ணி விடுங்கள். இது உங்களுக்காக. உங்கள் தோளும் குரலும் இறங்கினால்தான் அவளுடையது இறங்கும்.

"கோபமா இருக்கு. நான் இங்கேயே இருக்கேன்." அவ்வளவு போதும். "ஏன் அழுற?" என்று கேட்கவே வேண்டாம். ஏன் என்பதற்கு யோசிக்க வேண்டும், யோசிக்கிற மூளை அப்போது வேலை செய்யாது. கையை ஓங்கினால் மணிக்கட்டை இறுக்காமல் பிடித்து "அடிக்க விடமாட்டேன்" என்று சொல்லுங்கள். "அடிக்காதே" என்றால் அடக்கும் வேலை அவள் தலையில் விழுகிறது; அது அவளால் முடியாததால்தானே இந்த நிலை! தொட்டால் உதறினால் கையை எடுத்துவிடுங்கள், எழுந்து மட்டும் போகாதீர்கள்.

கத்தல் விம்மலாக மாறி, உடம்பு தளர்ந்து, உங்கள் பக்கம் சாயும்போது புயல் கடந்துவிட்டது. முகம் துடைத்து ஒரு மிடறு தண்ணீர். புத்திமதி அப்போதும் வேண்டாம். அரை மணி கழித்தோ படுக்கையிலோ ஒரே வாக்கியம்: "டேப்லெட்டை வச்சதும் கோபம் வந்துச்சு, தம்பியை அடிச்ச. அடுத்த தடவை கோபம் வந்தா தலையணையைக் குத்தலாம், வா, குத்திப் பார்ப்போம்." மன்னிப்பை வாயால் பிடுங்க வேண்டாம். தம்பிக்கு ஈரத்துணி கொண்டுவரச் சொல்லுங்கள், அது போதும்.

சொல்_சேகரம் (சாட்ஸ்வர்த்):
டீச்சர் சொன்னதில் ஒரு திருத்தம். எல்லாவற்றையும் "கோபம்" என்று பெயரிட்டுவிடக் கூடாது. டேப்லெட் போனால் வருவது பெரும்பாலும் ஏமாற்றம். தம்பி மடியில் இருப்பதைப் பார்த்து வருவது ஏக்கம். வீட்டில் இங்கிலீஷ் பேசும் பிள்ளைக்குக்கூட ஏமாற்றம், ஏக்கம், அலுப்பு, வெட்கம், பயம் என்ற ஐந்து தமிழ்ச் சொற்களை அமைதியான நேரத்தில், படக்கதை பார்க்கும்போது பழக்கிவிடலாம். புயலின் நடுவே புதுச்சொல் ஏறாது. இன்னொன்று, "கோபமா? கோபமா?" என்று திரும்பத் திரும்பக் கேட்டால் சில பிள்ளைகளுக்கு வெறிதான் ஏறும். அவர்களுக்கு மௌனம் நல்லது.

நீங்களே கத்திவிட்டால்: "நான் கத்தினது தப்பு. உனக்குப் பயமா இருந்திருக்கும்." இங்கே நிறுத்துங்கள். "ஆனா நீ…" என்று தொடர்ந்தால் முதல் வாக்கியம் அழிந்துவிடும்.

மல்லிகை_பீனிக்ஸ்:
மிக்க நன்றி. இன்னொன்று. அக்கா அடித்ததும் சின்னவன் அழுது மூச்சை இழுத்துப் பிடித்து, உதடு நீலமாகி, துவண்டு போகிறான். சில விநாடியில் சரியாகிவிடுகிறது. முகத்தில் தண்ணீர் அடிக்கிறோம். சரியா?

நர்ஸ்_டோங்காட்:
தண்ணீர் அடிக்க வேண்டாம், குலுக்க வேண்டாம், வாயில் விரலோ கரண்டியோ வைக்க வேண்டாம். தரையில் ஒருக்களித்துப் படுக்க வைத்துத் தலை இடிபடாமல் பாருங்கள். அழுகையோடு வரும் இந்த மூச்சடைப்பு 6 மாதம் முதல் 6 வயது வரை வரும். பிள்ளை வேண்டுமென்று செய்வதல்ல. பெரும்பாலும் ஒரு நிமிடத்துக்குள் தானே மூச்சு திரும்பும். நினைவு தப்பி ஒரு நிமிடம் தாண்டினாலோ மூச்சு திரும்பாவிட்டாலோ ஆம்புலன்ஸுக்கு 10177, செல்போனிலிருந்து 112.

இதுவரை டாக்டரிடம் காட்டாவிட்டால் இந்த வாரமே காட்டுங்கள். இரும்புச்சத்துக் குறைவுக்கும் இதற்கும் தொடர்பு உண்டு. ரத்தப் பரிசோதனை கேளுங்கள், மருந்தை நீங்களாகத் தொடங்காதீர்கள். பால் நாளுக்கு அரை லிட்டருக்கு மேல் போனால் சோறு, பீன்ஸ் இறங்காது, குறையுங்கள். சாப்பாட்டோடு டீ கொடுக்கும் பழக்கம் இருந்தால் நிறுத்துங்கள், அது இரும்பை உடம்பில் ஏறவிடாது. அழாமலே இப்படி வந்தாலோ கைகால் நெடுநேரம் வெட்டி இழுத்தாலோ காத்திருக்காதீர்கள்.

பெரியவள் விஷயத்திலும் ஒரு எல்லை: தன்னையே காயப்படுத்திக்கொண்டால், அல்லது ஒவ்வொரு முறையும் 25 நிமிடத்துக்கு மேல் நீண்டால், அல்லது 5 வயது தாண்டியும் தினமும் வந்தால் கிளினிக்கில் சொல்லுங்கள்.

ஆயா_ஈசிப்பிங்கோ:
மாமியார் பேச்சுக்கு வருகிறேன், மகளே. பிள்ளை முன்னால் அவரைத் திருத்தாதே. இந்த நாட்டில் பள்ளிக்கூட அடியை 1996 சட்டம் தடுத்தது. "அளவான அடி"தான் என்று பெற்றோர் சொல்லித் தப்பும் வழியை 2019 செப்டம்பர் 18 அன்று அரசியலமைப்பு நீதிமன்றம் எடுத்துவிட்டது. இதைத் தனியாக, மரியாதையாகச் சொல். சட்டத்தை மட்டும் சொன்னால் மனம் நோகும், ஒரு வேலையும் கொடு: 5 மணிக்குச் சின்னவன் அவர் பொறுப்பு, ராத்திரி பெரியவளுக்குக் காலில் எண்ணெய் தடவுவது அவர் கை.

"பூச்சாண்டி வரான்", "போலீஸ் பிடிச்சிட்டுப் போகும்" என்பதை மட்டும் நிறுத்தச் சொல். பயத்தில் வாயடைத்த பிள்ளையை அடங்கிவிட்டது என்று நினைக்கிறோம். பெரிய வெள்ளிக்கு எங்கள் மாரியம்மன் கோயில் திருவிழாக் கூட்டத்தில் பிள்ளை கை நழுவினால் அது ஓடிப்போய் நிற்க வேண்டியது போலீஸ்காரரிடம்தான். அவரைக் கண்டு ஒளிந்துகொண்டால் யார் கண்டுபிடிப்பது? அன்றைக்கு வெயில் ஏறுமுன் கூட்டிப் போ, மேளத்துக்குப் பக்கத்தில் நிற்காதே, அரை மணிக்கு ஒரு தரம் நிழலில் தண்ணீர் கொடு. உன் செல் நம்பரை அவள் உள்கையில் பேனாவால் எழுதிவிடு.