நாடாளுமன்றக் கட்டடம் எரிந்ததற்காக ஒரு நாடே உரிமையை இழக்குமா? 1933 பற்றி ஒரு கேள்வி

கேள்வி: வகுப்பறை_12

மேல்நிலைப் பள்ளியில் வரலாறு கற்பிக்கிறேன். போன வாரம் பன்னிரண்டாம் வகுப்பில் ஹிட்லர் ஆட்சியைப் பிடித்த கதை. 1933 பிப்ரவரி 27 இரவு பெர்லினில் நாடாளுமன்றக் கட்டடம் தீப்பற்றியது, மாரினஸ் வான் டெர் லுப்பே என்ற டச்சு இளைஞன் கட்டடத்துக்குள்ளேயே பிடிபட்டான், மறுநாளே பேச்சுரிமை, கூட்டம் கூடும் உரிமை, கடிதத்தைப் பிறர் பிரிக்காமலிருக்கும் உரிமை எல்லாம் ஒரே ஆணையில் நிறுத்திவைக்கப்பட்டன என்று சொல்லி முடித்தேன்.

ஒரு மாணவி எழுந்து, "ஒரு கட்டடம் எரிந்ததற்காக எல்லாரும் உரிமையை விட்டுக்கொடுத்துவிட்டார்களா டீச்சர்? தடுக்க ஒருவருமே இல்லையா?" என்று கேட்டாள். வகுப்பு முடியும் மணி அடித்துவிட்டது. அடுத்த வாரம் விரிவாகப் பேசலாம் என்று சொல்லியிருக்கிறேன்.

தீ வைத்தது யார் என்ற விவாதம் இங்கே வேண்டாம்; அதற்கு முடிவே இல்லை. மக்களின் பயத்தையும் தெருச் சண்டைகளையும் ஓர் ஆட்சியாளர் தனக்குச் சாதகமாக்கிக்கொள்ளும்போது, எந்த இடத்தில் அவரைத் தடுத்திருக்க முடியும்? அப்படித் தடுத்த நாடு ஏதாவது உண்டா?

பதில்: பழைய_வழக்கறிஞர்

அம்மா, உங்கள் மாணவியின் கேள்வி மிகச் சரியானது. அவளிடம் தீயிலிருந்து கதையைத் தொடங்காதீர்கள். ஏழு மாதம் பின்னால் போங்கள்.

1932இல் ஹிட்லரின் எஸ்.ஏ. படை, அதாவது பழுப்புச் சட்டைக்காரர்கள், தடை செய்யப்பட்டிருந்தது. பிரதமராக வந்த ஃபிரான்ஸ் ஃபொன் பாப்பன் ஜூன் மாதத்தில் அந்தத் தடையை நீக்கினார். ஒரு மாதத்துக்குள் தெருக்கள் போர்க்களமாயின. ஜூலை 17, ஞாயிற்றுக்கிழமை, ஹாம்பர்க்கை ஒட்டிய ஆல்டோனா நகரில் கம்யூனிஸ்ட் தொழிலாளர்கள் வாழும் குடியிருப்புகள் வழியாகவே எஸ்.ஏ. ஊர்வலம் போனது. பதினெட்டுப் பேர் செத்தார்கள்.

மூன்று நாள் கழித்து, ஜூலை 20 அன்று, பாப்பன் என்ன செய்தார் தெரியுமா? ஆல்டோனா பிரஷ்ய மாநிலத்தில் இருக்கிறது, பிரஷ்ய அரசால் ஒழுங்கைக் காக்க முடியவில்லை என்று காரணம் காட்டி, அவசர அதிகாரம் தரும் அரசியல் சட்டத்தின் 48ஆம் பிரிவின்படி குடியரசுத் தலைவர் ஹிண்டன்பர்க்கிடம் கையெழுத்து வாங்கி, அந்த மாநில அரசையே கலைத்துப்போட்டார். ஜெர்மனியின் நிலப்பரப்பிலும் மக்கள்தொகையிலும் ஏறக்குறைய ஐந்தில் மூன்று பங்கு பிரஷ்யா. நாட்டின் மிகப் பெரிய காவல் படை அதன் கையில் இருந்தது. அந்த அரசை நடத்தியவர்கள் சமூக ஜனநாயகக் கட்சியினர். தடையை நீக்கிக் கலவரத்துக்கு வழி திறந்தவரே, கலவரத்தைக் காரணம் காட்டி எதிரியின் கையிலிருந்த காவல் துறையைப் பிடுங்கிக்கொண்டார். எனக்கு இந்த வரலாற்றில் மிகவும் நெஞ்சு கொதிக்கும் இடம் இதுதான்.

பிரஷ்ய உள்துறை அமைச்சர் கார்ல் செவரிங், பலவந்தத்துக்கு மட்டுமே பணிவேன் என்றார். அன்று மாலை புதிதாக நியமிக்கப்பட்ட காவல் ஆணையர் இரண்டு அதிகாரிகளோடு வந்தார்; செவரிங் அலுவலகத்தை விட்டு வெளியேறினார். பிறகு வழக்குப் போட்டார்கள். அக்டோபர் 25 அன்று வந்த தீர்ப்பு பாதி அவர்களுக்குச் சாதகம். அதிகாரம் மட்டும் திரும்பி வரவில்லை.

1933 ஜனவரி 30 அன்று ஹிட்லர் பிரதமரானபோது பிரஷ்யக் காவல் துறை அவருடைய நெருங்கிய கூட்டாளி கோயரிங் கைக்குப் போனது. பிப்ரவரி 22 அன்று எஸ்.ஏ. ஆட்களையும் நாஜிக் கட்சியின் இன்னொரு படையான எஸ்.எஸ். ஆட்களையும் துணைக் காவலர்களாக நியமிக்க கோயரிங் ஆணையிட்டார். நேற்றுவரை தெருவில் கம்யூனிஸ்ட்டுகளை அடித்தவன் இன்று கையில் பட்டை கட்டிக்கொண்டு கைது செய்ய வருகிறான். ஐந்தாம் நாள்தான் கட்டடம் எரிகிறது.

இன்னொன்றையும் சொல்லுங்கள். 48ஆம் பிரிவின்படி வரும் ஆணையை நாடாளுமன்றம் கேட்டுக்கொண்டால் திரும்பப் பெற்றே ஆக வேண்டும் என்று அதே பிரிவில் எழுதியிருந்தது. ஆனால் நாடாளுமன்றம் பிப்ரவரி 1ஆம் தேதியே கலைக்கப்பட்டிருந்தது. பிப்ரவரி 28 ஆணையை நிறுத்தக் கூடியவர்கள் யாரும் அவையில் இல்லை. அந்த ஆணை 1945 வரை நீக்கப்படவே இல்லை.

எல்லாரும் விட்டுக்கொடுத்தார்களா என்று அந்தப் பெண் கேட்டாளே, இல்லை என்று உறுதியாகச் சொல்லுங்கள். இவ்வளவு மிரட்டலுக்குப் பிறகும் மார்ச் 5 தேர்தலில் நாஜிகளுக்குக் கிடைத்தது 43.9 சதவீதம். மார்ச் 23 அன்று, நாடாளுமன்றம் இல்லாமலேயே சட்டம் இயற்ற ஹிட்லர் அரசுக்கு வழிவிட்ட அதிகாரமளிப்புச் சட்டம் 444க்கு 94 என்று நிறைவேறியது. கம்யூனிஸ்ட் உறுப்பினர்கள் அவைக்குள்ளேயே வரவில்லை. சிறையிலோ தலைமறைவிலோ இருந்தார்கள். எதிர்த்த 94 பேரும் சமூக ஜனநாயகவாதிகள். எஸ்.ஏ. ஆட்கள் சுற்றி நிற்க, அவர்களுடைய தலைவர் ஓட்டோ வெல்ஸ் எழுந்து எதிர்த்துப் பேசினார்.

பதில்: ஹான்_நதிக்கரை

தடுத்த நாடு உண்டா என்று கேட்டிருந்தீர்கள். நான் சியோலில் வேலை பார்க்கிறேன். 2024 டிசம்பர் 3 இரவு இங்கேதான் இருந்தேன்.

இரவு பத்தரை மணி அளவில் குடியரசுத் தலைவர் யூன் சுக் யோல் தொலைக்காட்சியில் ராணுவச் சட்டத்தை அறிவித்தார். தேசவிரோத சக்திகள், வடகொரியா என்றார். தெருவில் ஒரு கல்லைக்கூட யாரும் எறியவில்லை. நாடாளுமன்றத்தில் எதிர்க்கட்சிக்குப் பெரும்பான்மை, பட்ஜெட்டை வெட்டுகிறார்கள், அதிகாரிகள் மீது பதவிநீக்கத் தீர்மானம் கொண்டுவருகிறார்கள் என்பதுதான் அவருடைய சிக்கல். குழப்பம் இல்லாத இடத்தில் குழப்பம் இருப்பதாகச் சொல்லி ராணுவத்தை அழைத்தார். நாடாளுமன்றத்துக்கும் கட்சிகளுக்கும் செயல்படத் தடை, ஊடகங்கள் படையின் கட்டுப்பாட்டில் என்று முதல் அறிவிக்கை வந்தது.

தென்கொரிய அரசியல் சட்டத்தின் 77ஆம் பிரிவில் ஒரு வரி இருக்கிறது. நாடாளுமன்றத்தின் மொத்த உறுப்பினர்களில் பெரும்பான்மையோர் கேட்டால் ராணுவச் சட்டத்தை நீக்கியே ஆக வேண்டும். 300 பேரில் 151 பேர் அவைக்குள் போய்ச் சேர வேண்டும், அவ்வளவுதான். அதனால்தான் எதிர்க்கட்சித் தலைவர் லீ ஜே மியுங் வேலி ஏறிக் குதித்தார், அதையும் நேரலையில் காட்டிக்கொண்டே. அறுபது வயதைத் தாண்டிய அவைத்தலைவர் ஊ வொன் ஷிக்கும் வேலி ஏறினார். வெளியே மக்கள் திரண்டு ராணுவ வண்டிகளை மறித்தார்கள். படையினர் ஜன்னலை உடைத்து நுழைந்தார்கள். உள்ளே உதவியாளர்கள் நாற்காலி, மேஜைகளை வாசலில் குவித்து, தீயணைப்புக் கருவிகளைப் பீய்ச்சித் தடுத்தார்கள்.

என் அலுவலக மூத்தவர் ஒருவரோடு அந்த நேரம் தொலைபேசியில் பேசிக்கொண்டிருந்தேன். அவர் குவாங்ஜுவில் பிறந்தவர். உறுப்பினர்கள் சிலர் "சீக்கிரம், சீக்கிரம்" என்று கத்த, விதிப்படிதான் வாக்கெடுப்பு நடக்கும் என்று ஊ வொன் ஷிக் உறுதியாக இருந்தார். ஒரு பிழை இருந்தாலும் நாளை செல்லாது என்று சொல்லிவிடுவார்கள் என்று மூத்தவர் எனக்கு விளக்கினார். இரவு ஒரு மணிக்கு, வந்திருந்த 190 பேரும் நீக்கச் சொல்லி வாக்களித்தார்கள். அதில் 18 பேர் யூனின் சொந்தக் கட்சி. விடியற்காலை நாலரை மணிக்கு யூன் பின்வாங்கினார். டிசம்பர் 14 அன்று நாடாளுமன்றம் அவர்மேல் பதவிநீக்கத் தீர்மானம் நிறைவேற்றியது. 2025 ஏப்ரல் 4 அன்று அரசியல் சட்ட நீதிமன்றத்தின் எட்டு நீதிபதிகளும் ஒருமனதாக அதை உறுதி செய்தார்கள்.

1980 மே மாதம் இதே நாட்டில் ராணுவத் தளபதி சுன் டூ ஹ்வான் ராணுவச் சட்டத்தை நாடு முழுவதும் விரித்து நாடாளுமன்றத்தை மூடினார். குவாங்ஜுவில் ராணுவம் மக்களைச் சுட்டது. அதைச் சிறு வயதில் பார்த்தவர்கள் இன்றும் இருக்கிறார்கள். அந்த இரவில் வேலியருகே நின்றவர்களுக்கு யாரும் விளக்கம் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

பதில்: ஓய்வுபெற்ற_ஆய்வாளர்

இரண்டு பதிவுகளையும் படித்தேன். எனக்கு ஒரு மறுப்பு உண்டு. காவல் துறையில் இருந்தவன் நான். கலவரம் என்றால் கடை எரியும், ஆட்டோ எரியும், ஏழை வீட்டுப் பிள்ளை சாவான். அப்போது "கடும் நடவடிக்கை எடு" என்று கத்துபவர்கள் சாதாரண மக்கள்தான். அவர்கள் யாரும் சர்வாதிகாரத்தைக் கேட்கவில்லை. பிள்ளை வீட்டுக்குத் திரும்பி வர வேண்டும் என்று கேட்கிறார்கள். ஜனநாயக அரசு கைகட்டி நின்றால் அந்த மக்கள்தான் முதலில் அடுத்த ஆளைத் தேடிப் போவார்கள். ஆல்டோனாவில் நீங்கள் அதிகாரியாக இருந்தால் என்ன செய்திருப்பீர்கள்?

பதில்: பழைய_வழக்கறிஞர்

ஐயா, நீங்கள் சொல்வதில் எனக்கு எதிர்ப்பே இல்லை. கைகட்டி நிற்கவே கூடாது. ஆல்டோனாவில் அந்த ஊர்வலத்துக்கு அந்தத் தெருக்கள் வழியாக அனுமதி கொடுத்திருக்கவே மாட்டேன். சட்டம் கடுமையாக இருக்கட்டும், ஆனால் எல்லார் மேலும் ஒரே எடையில் விழ வேண்டும். ஹிட்லருக்கு முந்தைய ஜெர்மனியான வைமர் குடியரசின் நீதிமன்றங்கள் அதைச் செய்யவில்லை. 1923 நவம்பரில் மியூனிக்கில் ஹிட்லர் நடத்திய கலகத்தில் நான்கு காவலர்கள் இறந்தார்கள். உங்கள் துறைக்காரர்கள். அதற்கு அவருக்கு ஐந்தாண்டுத் தண்டனை. 1924 முடிவதற்குள் வெளியே விட்டுவிட்டார்கள். அப்போது அவர் ஜெர்மன் குடிமகன்கூட இல்லை, நாடு கடத்தியிருக்கலாம். அதையும் செய்யவில்லை.

அவசர அதிகாரமும் தேவைதான். ஆனால் அதை நிறுத்தும் அதிகாரம் வேறொருவர் கையில் இருக்க வேண்டும், அந்த வேறொருவரை ஆட்சியாளர் கலைத்துவிட முடியக் கூடாது. நம் நாட்டிலேயே இது நடந்திருக்கிறது. 1974 ரயில்வே வேலைநிறுத்தம், பீகாரில் ஜெயப்பிரகாஷ் நாராயண் இயக்கம், பிரதமர் இந்திரா காந்தியின் தேர்தல் வெற்றி செல்லாது என்ற 1975 ஜூன் 12 அலகாபாத் தீர்ப்பு, ஜூன் 25 நள்ளிரவில் அவசரநிலை. அமைச்சரவைக்கு மறுநாள் காலையில்தான் தெரியும். அப்போது 352ஆம் பிரிவில் 'உள்நாட்டுக் குழப்பம்' என்று இருந்தாலே போதும். 1976 ஜனவரி 31 அன்று தமிழ்நாட்டு அரசு கலைக்கப்பட்ட பிறகு இங்கே விசாரணையின்றிச் சிறைவைக்கும் மிசா சட்டத்தில் சிறைக்குப் போனவர்களை எங்கள் தலைமுறை மறக்காது.

அதற்குப் பிறகு 1978இல் 44ஆம் திருத்தம் வந்தது. 'ஆயுதக் கிளர்ச்சி' இருக்க வேண்டும், அமைச்சரவையின் முடிவு எழுத்தில் வர வேண்டும், ஒரு மாதத்துக்குள் நாடாளுமன்றம் ஒப்ப வேண்டும், ஆறு மாதத்துக்கு ஒருமுறை மீண்டும் கேட்க வேண்டும். மக்களவையில் பத்தில் ஒரு பங்கு உறுப்பினர்கள் எழுதிக் கேட்டால் பதினான்கு நாளில் சிறப்புக் கூட்டம். அதில் சாதாரணப் பெரும்பான்மையே போதும், அவசரநிலை போய்விடும். உயிர் வாழும் உரிமையை அவசரநிலையிலும் நிறுத்த முடியாது. ஒரு ஜனநாயகம் அடிபட்ட பிறகு எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு என் தொழிலில் நான் பார்த்ததில்லை.

பதில்: வகுப்பறை_12

அனைவருக்கும் நன்றி. 48ஆம் பிரிவையும் கொரியாவின் 77ஆம் பிரிவையும் நம் 352ஐயும் ஒரே தாளில் அச்சடித்து மாணவிகளிடம் கொடுக்கப் போகிறேன்; நிறுத்தும் அதிகாரம் யாரிடம் என்று அவர்களே அடிக்கோடு இடட்டும். ஆய்வாளர் ஐயாவிடம் ஒன்று கேட்க வேண்டும். 1932 ஜூலை 20இல் பிரஷ்யக் காவலர்கள் அந்த ஆணைக்கு அப்படியே பணிந்தார்கள். அவர்களால் வேறு என்னதான் செய்திருக்க முடியும்?

பதில்: ஓய்வுபெற்ற_ஆய்வாளர்

நேர்மையாகச் சொல்கிறேன் அம்மா. மேலே இருக்கும் அமைச்சரே அலுவலகத்தை விட்டுப் போய்விட்ட பிறகு கீழே நிற்கும் காவலர் தனியாக எதிர்த்து நிற்பார் என்று எதிர்பார்க்கக் கூடாது. 1920இல் ஆட்சியைக் கவிழ்க்க வலதுசாரிகள் நடத்திய காப் கலகத்தின்போது தொழிற்சங்கங்களின் பொது வேலைநிறுத்தம் நாடு முழுவதையும் நிறுத்தியது. கலகக்காரர்கள் சில நாட்களில் ஓடினார்கள். 1932இல் அறுபது லட்சம் பேர் வரை வேலை இல்லாமல் இருந்தார்கள், வேலைநிறுத்தத்துக்கும் வழியில்லை. ஆகவே பழி முழுவதையும் காவலர் தலையில் போடாதீர்கள்.

ஆனால் ஒன்று செய்ய முடியும். சியோலில் அன்றிரவு தலைநகர் பாதுகாப்புப் படையின் ஓர் அதிகாரி, பின்னால் வந்த தன் படையினரை சோகாங் பாலத்தைக் கடக்க வேண்டாம் என்று நிறுத்திவைத்ததாக நீதிமன்றத்தில் சாட்சி சொன்னார். படையினர் தயங்கித் தயங்கி நடந்துகொண்டதை நீதிமன்றமும் தீர்ப்பில் குறிப்பிட்டது. சீருடையில் இருப்பவருக்கு அது முடியும். ஆணையை எழுத்தில் கொடுங்கள் என்று கேட்கலாம். எந்தச் சட்டப் பிரிவின்படி என்று கேட்கலாம். பதில் வரும்வரை வண்டியைக் கிளப்பாமல் இருக்கலாம். பயிற்சிப் பள்ளியில் பேச அழைத்தால் இதைத்தான் சொல்லிக்கொடுப்பேன்.