ஃபோட்டான்கள் உண்மையிலேயே சந்தித்துக்கொள்கின்றனவா?

கதிரவன்: ஒரு படிகத்தில் இணையாகப் பிறந்த இரு ஃபோட்டான்களை (ஒளித்துகள்களை), பாதி ஒளியைக் கடத்திப் பாதியை எதிரொளிக்கும் கற்றைப் பிரிப்பானின் இரு பக்கங்களிலிருந்தும் ஒரே கணத்தில் விட்டால், இரண்டும் ஒரே வழியாகத்தான் வெளியேறுகின்றன. 1987-இல் ஹாங், ஓ, மாண்டல் ஆகியோர் இதைச் செய்து காட்டினார்கள். ஆகவே, ஃபோட்டான் தன்னோடு மட்டுமே குறுக்கிடும் (அலைபோல் கூடவோ அழியவோ செய்யும்) என்ற இயற்பியலாளர் டிராக்கின் கூற்று பொய்த்துவிட்டது. இங்கே இரண்டு ஃபோட்டான்கள் சந்தித்துக் குறுக்கிடுகின்றன.

மதிவாணன்: 'சந்தித்து' என்ற சொல்லை ஏற்க மாட்டேன். பிரிப்பானின் இரு வெளிவழிகளிலும் வைத்த உணரிகள் ஒருசேரத் துடிக்க இரண்டே வழிகள்தான் உண்டு: இரண்டும் ஊடுருவ வேண்டும், அல்லது இரண்டும் எதிரொளிக்க வேண்டும். முதல் வழியின் வீச்சு, அதாவது வர்க்கப்படுத்தினால் நிகழ்தகவைத் தரும் எண், +1/2. ஒவ்வோர் எதிரொளிப்பும் கால் சுற்றுக் கட்ட மாற்றத்தை (அலைச் சுழற்சியில் கால் பங்கு நகர்வை) தருவதால் இரண்டாம் வழியின் வீச்சு –1/2. எந்த வழி நடந்தது என்று பிரித்தறிய எந்தத் தடயமும் இல்லாதபோது இரண்டும் கூடிச் சுழியாகின்றன. அழிந்தவை இணையின் இரு வழிகளே. ஃபோட்டான்கள் ஒன்றையொன்று அழிக்கவில்லை.

கதிரவன்: அப்படியானால் பிரிப்பானைச் சில பத்து மைக்ரோமீட்டர் நகர்த்தியதும், உணரிகள் ஒருசேரத் துடிக்கும் எண்ணிக்கையில் விழுந்த பள்ளம் ஏன் மறைகிறது? ஒரே நேரத்தில் வந்து சேர்வது கட்டாயம் என்பதுதானே அதன் பொருள்?

மதிவாணன்: இல்லை. 1996-இல் பிட்மன், ஷீ முதலியோர், இணை ஃபோட்டான்கள் வெவ்வேறு நேரங்களில் பிரிப்பானை அடையும்படி செய்து, அந்தத் தாமதத்தைப் பிரிப்பானுக்கு அப்பால் ஈடுகட்டினார்கள். குறுக்கீடு அப்படியே நீடித்தது. வந்து சேரும் நேரம் வழியைக் காட்டிக்கொடுத்தால்தான் கெடுதல்.

இளங்கோ: இடையில் ஒரு திருத்தம். இணையாகப் பிறந்தவற்றைப் பற்றியே பேசும் நீங்கள் இருவரும் பின்னலையே, அதாவது அவற்றின் நிலைகள் தனித்தனியே விவரிக்க முடியாதபடி பிணைந்திருப்பதையே, முழுக் காரணமாகக் கொள்கிறீர்கள். முற்றிலும் தனித்தனி மூலங்களிலிருந்து வரும் ஒரே மாதிரியான ஃபோட்டான்களும் இதே பள்ளத்தைத் தருகின்றன. எனவே பள்ளம் மட்டுமே பின்னலுக்குச் சான்றாகாது. ஆனால் கட்டம் தாறுமாறாக மாறும் சாதாரண அலைகளைக் கொண்டு கணக்கிட்டால் பள்ளம் பாதிக்குக் கீழே இறங்காது என்பதால், இதைப் பழைய அலைக் கொள்கைக்குள்ளும் அடக்கிவிட முடியாது.

கதிரவன்: அது எனக்குத்தான் வலுச் சேர்க்கிறது. முன்பின் அறியாத இரண்டை 'இணை' என்று எப்படி அழைப்பீர்கள்? 1996 சோதனையை முன்னிட்டுச் 'சந்திப்பு' என்பதை மட்டும் விட்டுக்கொடுக்கிறேன்.

மதிவாணன்: எல்லா வகையிலும் ஒத்த இரு ஃபோட்டான்களில் 'இது', 'அது' என்று பெயரிட இடமே இல்லை, பிறந்த இடம் வேறானாலும் பிரிப்பானைத் தாண்டியபின் எஞ்சுவது இரு ஃபோட்டான்களுக்கும் பொதுவான ஒரே நிலைதான். அதைத்தான் இணை என்கிறேன்.