ஆபீஸ்ல 'நெர்டு'ன்னா திட்டா பாராட்டா?

பெங்களூர்ல வேலை. நம்ம மெட்ரோ மேல ஒயரே இல்லாம எப்படி ஓடுதுன்னு லஞ்ச்ல யாரோ கேட்டாங்க, நான் 750 வோல்ட் டிசி கரண்ட், தண்டவாளம் பக்கத்துலயே போற 'தேர்ட் ரெயில்'ங்கற மூணாவது கம்பில வருது, சென்னை மெட்ரோக்குதான் மேல 25 கிலோவோல்ட் ஏசின்னு ஆரம்பிச்சு அப்படியே போயிட்டேன், "சரியான நெர்டுடா நீ"ன்னு, அதாவது ஒரு விஷயத்துல ஓவரா மூழ்கற ஆளுன்னு, சிரிக்கறாங்க. கோவப்படணுமா?

அல்சூர் அண்ணாச்சி: யார் சொன்னதுங்கறதுதான் தம்பி மேட்டர். ஸ்கூல்ல படிப்ஸ்னு ஓட்டினவனேதான் எக்ஸாமுக்கு முந்தின நாள் நோட்ஸ் கேட்டு வாசல்ல நிப்பான். நீ மார்க்கே வராத விஷயத்துக்கு மண்டைய உடைக்கற ஆளு, அது தனி ரகம்.

ஃபில்டர் காபி: இந்த ஊர்ல இருந்துட்டு இதுக்கு ஃபீல் பண்றீங்களே ப்ரோ, இங்க இருக்கற சயின்ஸ் இன்ஸ்டிடியூட் ஐஐஎஸ்சி, பொதுமக்களுக்கு திறந்து விடற ஓப்பன் டேக்கு போய் பாருங்க, குடும்பம் குடும்பமா வந்து லேப் பாக்கறாங்க.

மல்லேஸ்வரம் அக்கா: கோச்சுக்காதப்பா, அவங்க கேட்டது ஒரு வரி. எதிர்ல இருக்கறவங்க மூஞ்சியையும் கொஞ்சம் பாத்து பேசு.

கேட்டவர்: சரிக்கா. ஆனா ஒருத்தர் மட்டும் அப்புறம் வந்து, ஏன் டிசின்னு கேட்டார்!