வீணைக்கு நல்ல பயணப் பெட்டி எங்கே கிடைக்கும்?

வணக்கம். பெரியம்மா வாசித்த தஞ்சாவூர் வீணையை அடுத்த மாதம் சிங்கப்பூருக்குக் கொண்டுபோகிறேன். ஏகாண்ட வீணை, ஒரே பலாமரத்தில் குடைந்தது. நாலடிக்கு மேல் நீளம், தண்டியை, அதாவது நீண்ட கழுத்துப் பகுதியை, தனியாகக் கழற்ற முடியாது. கையில் இருப்பது ரெக்சின் உறை மட்டும்.

போன வருடம் ரயிலில் யாரோ டிரங்குப் பெட்டியை அதன்மேல் சாய்த்துவைக்க, தண்டி முனையில் செதுக்கியிருக்கும் யாளித் தலையின் காது ஒன்று முறிந்துவிட்டது. ஒட்டியிருக்கிறோம், ஆனால் பார்த்தாலே தெரியும்.

அதைவிடப் பெரிய பயம் வெயில்தான். தந்திகளுக்கு அடியில் சுரத்துக்காகப் பதித்த 24 உலோக மெட்டுகளும் மெழுகில் நிற்கின்றன. விமானத்தில் ஏற்றும் முன் வெயிலில் கிடந்தால் மெழுகு இளகி மெட்டுகள் நகர்ந்துவிடும். அப்புறம் மேளம் கட்ட, அதாவது மெட்டுகளைச் சுரம் பார்த்து மறுபடி மெழுகில் பதிக்க, ஆளுக்கு எங்கே போவது?

தண்டிக்கு அடியில் மாட்டியிருக்கும் சுரைக்காயைக் கழற்றிக் கைப்பையில் எடுத்துக்கொள்வேன். மற்றதற்கு, குடம் (வீணையின் உருண்டையான அடிப்பகுதி) அசையாமல் உட்காரும்படி உள்ளே ஃபோம் வைத்த ஃபைபர் பெட்டியை அளவெடுத்துச் செய்துதருபவர் திருச்சி, தஞ்சாவூர் பக்கம் யாராவது உண்டா? பெட்டி மட்டும் எத்தனை கிலோ வரும்? வீணையோடு பறந்தவர்கள் சொல்லுங்கள்: ஏழு தந்திகளையும் எவ்வளவு தளர்த்தினீர்கள்? தந்திகளைத் தாங்கும் குதிரைக்கு அடியில் துணி வைத்தீர்களா?

பழைய பெட்டி விற்பதாக இருந்தாலும் சரி, நேரில் வந்து பார்க்கிறேன்.