52ஆவது மெர்சென் பகா எண்ணாம்! வரிசையை யார் எண்ணினார்கள்?

அடுக்குக்குறி:
"உலகின் மிகப் பெரிய பகா எண், 52ஆவது மெர்சென் பகா எண்" என்று வட்டப்பாதை நேற்று அடித்துச் சொல்லியிருக்கிறார். பகா எண்களுக்கு முடிவில்லை என்பது யூக்ளிட் காலத்துச் செய்தி, அதை விட்டுவிடுகிறேன். 2-இன் ஓர் அடுக்கிலிருந்து ஒன்று கழித்தால் வரும் பகா எண்தான் மெர்சென் பகா எண். என் சண்டை அந்த 52 உடன். 2024 அக்டோபரில் லூக் டுராண்ட் கண்டுபிடித்தது, 2-இன் 13,62,79,841ஆம் அடுக்கில் ஒன்று குறைந்த எண். அதற்குக் கீழுள்ள அடுக்குகளை எல்லாம் சோதித்து முடித்துவிட்டார்களா?

வட்டப்பாதை:
இதற்கு முன் தெரிந்தவை 51. ஒன்று சேர்ந்தால் 52. இதற்கும் நிறுவல் வேண்டுமா, ஐயா?

அடுக்குக்குறி:
வேண்டும். 2008 ஆகஸ்டில் 4,31,12,609 என்ற அடுக்குக்குரிய எண் கிடைத்தது. அது கண்டுபிடிப்பில் 45ஆவது. அடுத்த மாதமே அதைவிடச் சிறியது ஒன்று, 2009இல் இன்னொன்று. இன்று அதன் வரிசை எண் 47. உங்கள் கணக்குப்படி 45 ஆ, 47 ஆ?

வட்டப்பாதை:
கண்டுபிடித்த வரிசையில்தான் சொன்னேன்.

அடுக்குக்குறி:
நேற்று அப்படிச் சொல்லவில்லை. 45 ஆ, 47 ஆ?

நிழல்மதி:
4,10,24,320 இலக்கங்கள் கொண்ட எண்ணைப் பற்றிப் பேச வந்தால், இரண்டு இலக்கத்துக்கு அடித்துக்கொள்கிறீர்கள். அதன் கடைசி இலக்கமாவது யாருக்காவது தெரியுமா?

மீதிஒன்று:
1. இரண்டின் அடுக்குகள் 2, 4, 8, 6 என்று முடிந்து சுழலும். அடுக்கை நான்கால் வகுத்தால் மீதி 1. ஆகவே 2-இல் முடியும், ஒன்று கழித்தால் 1. இரும எண்ணாக எழுதினால் முழுக்க ஒன்றுகள்தான்.

வட்டப்பாதை:
அடுக்கு பகா எண், அதனால் இதுவும் பகா எண். இதில் என்ன பெரிய சோதனை?

அடுக்குக்குறி:
11 பகா எண்தானே? 2-இன் 11ஆம் அடுக்கில் ஒன்று குறைந்தால் 2047, அது 23 பெருக்கல் 89. போன ஆண்டும் இதே 2047-ஐப் பகா எண் என்று வாதாடியவர் நீங்கள்தான்!

வட்டப்பாதை:
அது தட்டச்சுப் பிழை. இன்னுமா அதைச் சுமந்துகொண்டு திரிகிறீர்கள்?

அடுக்குக்குறி:
மூன்று பதிவுகளில் ஒரே தட்டச்சுப் பிழையா? 1644இல் மெர்சென்னே, பகா எண் தரும் அடுக்குகளின் பட்டியலில் 67-ஐத் தவறாகச் சேர்த்தார். 1903இல் கோல் என்ற கணிதவியலாளர் அந்த அடுக்குக்குரிய எண்ணின் காரணிகளையே எடுத்துக் காட்டினார். மெர்சென்னுக்கே சோதனை தேவைப்பட்டது, உங்களுக்குத் தேவையில்லை போலும். 45 ஆ, 47 ஆ?

மீதிஒன்று:
கண்டுபிடித்தவர் மனிதரா, கணினியின் வரைகலைச் செயலிகளா (GPU)? எனக்கு அதுதான் உறுத்துகிறது. பகா எண்ணாக இருக்கலாம் என்று செயலி காட்டியது, மெர்சென் எண்களுக்கான லூக்காஸ்-லேமர் பகாச் சோதனை உறுதிசெய்தது. பெயர் மட்டும் டுராண்டுக்கு.

நிழல்மதி:
செயலிகளுக்கு வாடகை கொடுத்தவர் அவர். நீங்கள் கொடுத்தீர்களா?

மீதிஒன்று:
பணம் கொடுத்தால் கணிதவியலாளர் ஆகிவிடலாமோ?

வட்டப்பாதை:
இப்போதாவது நல்ல கேள்வி வந்தது. அதைப் பேசுவோம்.

அடுக்குக்குறி:
பேசலாம், முதலில் 45 ஆ, 47 ஆ என்று சொல்லிவிட்டு.

நிழல்மதி:
ஒவ்வொரு மெர்சென் பகா எண்ணும் ஓர் இரட்டை நிறைவெண்ணை, அதாவது தன்னைத் தவிர்த்த தன் வகுஎண்களின் கூட்டுத்தொகைக்குச் சமமான இரட்டை எண்ணை, தரும் என்கிறார்களே, அப்படியானால் இதுவரை தெரிந்த நிறைவெண்களும் 52தானா?

வட்டப்பாதை:
ஆம், 52.

அடுக்குக்குறி:
இதோ, மறுபடியும் 52! அதில் எது எத்தனையாவது?